வெய்வர் கொடுப்பது எப்படி: புகைச் சோதனையில் தேறாத வண்டியும் அதன் பில்லும்

எமிஷன் டெஸ்டில் வண்டி இரண்டாம் முறையும் தேறவில்லை. "அண்ணா, எண்ணூறு டாலருக்கு மேல செலவு பண்ணியாச்சு. வெய்வர் குடுத்துடுவாங்கல்ல?" என்று பில்லை நீட்டினார் நம்மூர்ப் பையன் ஒருவர். 2009 கேம்ரி. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, வண்டியின் கணினி காட்டும் பழுதுக் குறியீடு (கோடு) பி0420. பில்லை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். மொத்தம் 873 டாலர். வெய்வர் என்பது தேறாத வண்டிக்கும் பதிவைப் புதுப்பிக்க விடும் சலுகை; அந்தக் கணக்கில் இதில் சேர்வது 395 டாலர்தான். எங்கள் பக்கம் குறைந்தபட்சச் செலவு வரம்பு 450. ஐம்பத்தைந்து டாலர் குறைகிறது.

அந்தப் பில்லைப் பிறகு பார்ப்போம். அமெரிக்காவில் கராஜ் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது என்னிடம் வந்துவிடும். கேட்பவர்கள் வண்டிக்காரர்கள். ஆனால் பதிலை நான் சோதனை நிலையத்தின் பக்கமிருந்தே எழுதப்போகிறேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எதைப் பார்த்து "சரி" என்கிறார், எதைப் பார்த்து மறுக்கிறார் என்று தெரிந்துவிட்டால், எதைக் கொண்டுபோக வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். நிலையங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

வெய்வர் என்றால் எது, எது இல்லை

தமிழில் விலக்கு என்று சொல்லலாம். ஆனால் விலக்கு என்றதும் "சோதனையே வேண்டாம்" என்று தோன்றிவிடும். அது வேறு. புது வண்டி, மிகப் பழைய வண்டி, பல இடங்களில் மின்சார வண்டி இவற்றுக்குச் சோதனையே கிடையாது, அது எக்ஸெம்ப்ஷன். ரிப்பேருக்குக் கையில் பணம் இல்லை, கொஞ்ச நாள் தாருங்கள் என்று கேட்பது எக்ஸ்டென்ஷன். வெய்வர் மூன்றாவது வகை. சோதனை நடந்தது, வண்டி தேறவில்லை, முறையாக ரிப்பேர் பார்த்தார்கள், விதி சொல்லும் தொகையைச் செலவழித்தார்கள், மறுபடி சோதித்தும் தேறவில்லை. அப்போது, "இவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார், இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளட்டும்" என்று கொடுப்பது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே பியூசி சான்றிதழ் என்றால் தேறியது அல்லது தேறாதது, நடுவில் எதுவும் இல்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மாசு வரம்பை மீறும் வண்டிக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். "இவ்வளவு செலவு செய்தேன், விட்டுவிடுங்கள்" என்று பில்லைக் காட்ட அங்கே எந்த மேசையும் கிடையாது.

அமெரிக்காவில் அந்த மேசைக்கு அடிப்படை, 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டமும், அதைத் தொடர்ந்து சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் போட்ட விதிகளும். கூட்டாட்சி விதித்தொகுப்பில் 40ஆம் தலைப்பு, 51.360ஆம் பிரிவு. மூன்று பக்கம்கூட வராது. மாநிலக் கையேடுகள் எத்தனை நூறு பக்கம் இருந்தாலும் எலும்புக்கூடு இதுதான். ஒருமுறை படித்துவிடுங்கள் என்று புதிதாகச் சேருபவர்களிடம் நான் சொல்வது வழக்கம்.

படி ஒன்று: கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா?

சோதனை நிலையம் என்றால் வெய்வரும் அங்கேயே கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி இல்லை. கூட்டாட்சி விதி திட்டங்களை இரண்டாகப் பிரிக்கிறது. காற்று மிகவும் கெட்டுப்போன பெருநகரங்களுக்கான கடுமையான திட்டத்தில், வெய்வரை மாநில முகமையோ அது நியமித்த ஒரே ஒரு ஒப்பந்ததாரரோதான் கொடுக்க வேண்டும். லேனில் நின்று சோதிக்கும் இன்ஸ்பெக்டர் கொடுக்கக் கூடாது என்று எழுத்திலேயே இருக்கிறது. அடிப்படைத் திட்டத்தில் இன்ஸ்பெக்டர் கொடுக்கலாம், ஆனால் கொடுத்த ஒவ்வொன்றையும் மேலிருந்து மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினம் இல்லை. புகையை அளப்பது கருவி. ஓபிடி (வண்டியின் சுயசோதனைக் கணினி) சாக்கெட்டில் வயரைச் செருகினால் கணினி பேசிவிடும், அதில் மனிதரின் தயவுக்கு இடம் குறைவு. வெய்வர் வரும்போது கருவி ஒதுங்கிக்கொள்கிறது; பில்லைப் படிப்பவர் மனிதர். தெரிந்தவர், வாடிக்கையாளர், ரிப்பேரும் நம் கடையிலேயே பார்த்தவர் என்று ஆயிரம் முகதாட்சண்யம் வந்து நிற்கும் இடம் அது.

மாநிலத்துக்கு மாநிலம் ஏற்பாடு மாறுகிறது. கலிஃபோர்னியாவில் சாதாரண ஸ்மாக் செக் கடை கொடுக்க முடியாது. ரெஃப்ரி என்று அழைக்கப்படும் தனி மையத்துக்குப் போக வேண்டும், குறைந்தது 650 டாலர் ரிப்பேர் காட்ட வேண்டும். மாசசூசெட்ஸில் மோட்டாரிஸ்ட் அசிஸ்டன்ஸ் சென்டர். டெக்ஸஸில் பொதுப் பாதுகாப்புத் துறை. இந்த இடங்களில் நிலையத்தின் வேலை காகிதங்களைச் சரியாகத் தயாரித்து, வண்டிக்காரரைச் சரியான கதவுக்கு அனுப்புவது. "நாங்களே பார்த்துக்கறோம் சார்" என்று ஒரு நிலையம் சொன்னால், அது சொல்லக்கூடிய இடம்தானா என்று மாநிலத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டெக்ஸஸ்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 1 முதல் தனியார் வண்டிகளுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்ஷன் போய்விட்டது உண்மைதான். ஆனால் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் சுற்று வட்டாரம் உட்பட 17 கவுன்டிகளில் எமிஷன் சோதனை அப்படியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே போய்விட்டது என்று நினைத்து, பதிவு புதுப்பிக்கும்போது மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

படி இரண்டு: முதல் தோல்வியின் காகிதம்

சோதனை முடிந்ததும் கருவி அச்சிட்டுத் தரும் அறிக்கைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். எந்தத் தேதி, எந்த ஓடோமீட்டர் அளவு, எந்தக் கோடு என்று அதில் இருக்கும். அதைக் கையில் கொடுக்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டியது நிலையத்தின் கடமை: வாரன்டி இருக்கிறதா என்று பாருங்கள், ரிப்பேரை யாரிடம் செய்தால் கணக்கில் வரும், பில்லில் என்னென்ன இருக்க வேண்டும். வாரன்டி பற்றித் தெரிவிப்பது விருப்பப்பட்டால் செய்வது அல்ல, விதியிலேயே இருக்கிறது. இந்த இரண்டு நிமிடப் பேச்சை மிச்சம் பிடித்த நிலையங்களில்தான் பின்னால் கவுன்டர் சண்டை நடக்கும்.

தோல்விக்கும் "நாட் ரெடி"க்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 1996 முதல் வரும் வண்டிகளின் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. பேட்டரியைக் கழற்றினாலோ, கோடை அழித்தாலோ அந்தச் சோதனைகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். அதுவரை வண்டி "தயாராக இல்லை". பொதுவாக 1996 முதல் 2000 வரையான மாடல்களில் இரண்டு மானிட்டர் (அந்தச் சுயசோதனைகளின் பெயர்) வரையும், 2001க்குப் பிறகு ஒன்று வரையும் முடியாமல் இருக்கலாம். அதற்கு மேல் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பிய வண்டிக்கு வெய்வர் கேட்க முடியாது. சோதனையே முழுமையாக நடக்கவில்லையே.

படி மூன்று: வாரன்டி

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்), எமிஷனைக் கட்டுப்படுத்தும் கணினி, ஓபிடி இவற்றுக்குக் கூட்டாட்சி வாரன்டி 8 ஆண்டு அல்லது 80,000 மைல். மற்ற எமிஷன் பாகங்களுக்கு 2 ஆண்டு அல்லது 24,000 மைல். எது முதலில் வருகிறதோ அது. இந்த வரம்புக்குள் இருக்கும் வண்டி என்றால், முதலில் டீலரிடம் போக வேண்டும். டீலர் மறுத்தால் அந்த மறுப்பு எழுத்தில் வேண்டும். "போன்ல சொன்னாங்க" செல்லாது. வாரன்டியில் இலவசமாகச் செய்திருக்க வேண்டிய வேலைக்கு வெளிக்கடையில் கொடுத்த பணம் கணக்கில் சேராது.

நம்மவர்கள் பலர் ஏழு வருட வண்டியை அறுபதாயிரம் மைலில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை, வாரத்துக்கு இரண்டு நாள் கடை, கோயில். அவர்கள் கன்வெர்ட்டருக்கு ஆயிரம் டாலர் கொடுத்த பிறகு வந்து நிற்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். வண்டியோடு வந்த வாரன்டிப் புத்தகம் கையுறைப் பெட்டியில்தான் கிடக்கிறது.

படி நான்கு: ரிப்பேர் பார்த்தவர் யார்

"தெரிந்த பையன், வீட்டு டிரைவ்வேயில் வைத்தே செய்துகொடுத்தான், ரொக்கம் கொடுத்தேன்." இதைவிட அதிகமாக நான் கேட்ட வாக்கியம் இல்லை. கூட்டாட்சி விதி எதிர்பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட டெக்னீஷியன்: ரிப்பேரைத் தொழிலாக நடத்தும் கடையில் வேலை பார்ப்பவர், அல்லது எமிஷன் பழுது பார்ப்பதற்கான தேசியச் சான்றிதழ் வைத்திருப்பவர். பல மாநிலங்கள் இதற்கும் மேலே போய், பதிவு செய்த எமிஷன் டெக்னீஷியன் செய்தால்தான் எண்ணுவோம் என்கின்றன.

வண்டிக்காரரே கழற்றி மாட்டினால்? பாகத்தின் விலை மட்டும் சேர ஒரு சின்ன வாசல் இருக்கிறது, கூலி சேராது. அதுவும் ஆக்சிஜன் சென்சார், கன்வெர்ட்டர், இஜிஆர் வால்வு, பெட்ரோல் மூடி, கேனிஸ்டர், பிசிவி வால்வு, ஸ்பார்க் பிளக், இக்னிஷன் வயர், காயில் என்று ஒரு பட்டியலுக்குள் இருக்கும் பாகங்களுக்குத்தான். உங்கள் மாநிலம் அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறதா என்று கையேட்டில் பார்க்க வேண்டும்.

காலமும் உண்டு. ரிப்பேர், சோதனைத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும். போன வருஷம் மாற்றிய சென்சாருக்கு இந்த வருஷம் வெய்வர் கேட்க முடியாது.

படி ஐந்து: பில்லைப் படிப்பது

இப்போது அந்தக் கேம்ரிக்கு வருவோம். பி0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று கணினி சொல்வது. பில்லில் இருந்தவை, டாக்ஸை விட்டுவிட்டு:

முன்பக்க ஆக்சிஜன் சென்சார் 180 டாலர், அதை மாட்டக் கூலி 120. சைலன்சர் குழாய் மூட்டில் கசிவு, கேஸ்கெட்டும் வெல்டிங்கும் 95. ஸ்பார்க் பிளக் நான்கு, கூலியோடு 140. முன் பிரேக் பேட் 260. ஆயில் மாற்றியது 60. "ஷாப் சப்ளைஸ்" 18.

பிரேக்கும் ஆயிலும் வெளியே. அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஷாப் சப்ளைஸ் என்பது எந்த வேலைக்கு என்று தெரியாத தொகை, அதுவும் வெளியே. சென்சாரும் கூலியும் உள்ளே, 300. குழாய்க் கசிவு? உள்ளேதான். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்றை உறிஞ்சி சென்சார் தப்பாகப் படிக்கும், பி0420 வர அதுவும் ஒரு காரணம். ஆக 395.

தகராறு ஸ்பார்க் பிளக்கில். "பட்டியலில் பிளக் இருக்கிறதே அண்ணா" என்றார். இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, ரிப்பேர் தோல்வியின் காரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது தனி விதி. பி0300 மாதிரி மிஸ்ஃபயர் (இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாதது) கோடு இருந்திருந்தால் பிளக் கேள்வியே இல்லாமல் உள்ளே வந்திருக்கும். இங்கே இல்லை. அறிக்கையிலும் இல்லை, கடைக்காரர் எழுதிய குறிப்பிலும் மிஸ்ஃபயர் பற்றி ஒரு சொல் இல்லை. "எழுபதாயிரம் மைல் ஆச்சு, மாத்திடலாம்" என்று மாற்றிய பிளக் அது. சேராது.

இந்த இடத்தில்தான் முறையான நிலையமும் முறையற்ற நிலையமும் பிரியும். 55 டாலர் குறைகிறது. ஆயில் மாற்றிய வரியை "எமிஷன் சர்வீஸ்" என்று திருத்தி எழுதச் சொன்னால் முடிந்தது வேலை. அதைச் செய்தால் அது போலி ஆவணம். ரசீது உண்மையானதா, திருத்த முடியாததா, இன்னொரு முறை பயன்படுத்த முடியாததா என்று உறுதிசெய்யும் பொறுப்பைக் கூட்டாட்சி விதி திட்டத்தின் தலையில் வைத்திருக்கிறது. திட்டம் என்றால் நடைமுறையில் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்.

அவரிடம் நான் சொன்னது: நீங்கள் 55 டாலருக்கு எதையாவது மாட்டுவதில் அர்த்தம் இல்லை. கசிவு அடைத்தாயிற்று, சென்சார் மாற்றியாயிற்று, இனி மிச்சம் கன்வெர்ட்டர்தான். அதை மாற்றினால் வரம்பையும் தாண்டும், வண்டியும் தேறிவிடும். அப்படித்தான் ஆனது. வெய்வரே தேவைப்படவில்லை.

ரசீதில் நான் பார்க்கும் மற்றவை: கடையின் பெயர், முகவரி, உரிம எண், தேதி, வண்டியின் வின் எண் (அடையாள எண்), ஓடோமீட்டர், பாக எண், பாகமும் கூலியும் தனித்தனியாக. "எமிஷன் ரிப்பேர் 500 டாலர்" என்று ஒற்றை வரியில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓடோமீட்டரை ஒருபோதும் தவற விடாதீர்கள். உதாரணமாக, ஒரு வண்டியின் முதல் சோதனை அறிக்கையில் 1,41,900. இரண்டு வாரம் கழித்து நடந்ததாகச் சொல்லும் ரிப்பேர் பில்லில் 1,41,200 என்றால், ஒன்று எழுத்துப் பிழை, இல்லை அந்தப் பில் பழையது. கடைக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். பிழை என்றால் அவர்களே புது நகல் அனுப்புவார்கள்.

எவ்வளவு தொகை என்பது

450 டாலர் எங்கிருந்து வந்தது? கடுமையான திட்டங்களுக்குக் கூட்டாட்சி விதி வைத்த குறைந்தபட்சம் அது. கூடவே ஒரு வால்: 1989இன் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொரு ஜனவரியிலும் உயர்த்த வேண்டும். 1989ஐ விட 2023இல் விலைவாசி ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அப்படிக் கணக்குப் போட்டால் 450 என்பது 1,100 டாலர் பக்கம் வந்துவிடும். வடக்கு வர்ஜீனியாவில் இப்படித்தான் ஆண்டுதோறும் ஏறுகிறது. நியூயார்க்கிலும் மேரிலாந்திலும் 450 என்றே நிற்கிறது. அடிப்படைத் திட்டங்களில் இன்னும் குறைவு: 1981க்கு முந்தைய வண்டிக்கு 75, 1981 முதல் வந்த வண்டிக்கு 200. அதனால்தான் மேரிலாந்துக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவில் ஓடும் பொடோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நண்பர் சொன்ன தொகையை நம்பி அந்தப் பக்கம் இருப்பவர் போகக் கூடாது.

டெக்ஸஸில் தனி வண்டி வெய்வருக்கு 600. அதோடு குறைவாக ஓடும் வண்டிக்கு ஒரு சலுகை: வருடத்துக்கு 5,000 மைலுக்குக் குறைவாக ஓட்டுபவர் என்றால், 100 டாலர் ரிப்பேர் காட்டினால் போதும். பெற்றோர் வந்தால் மட்டும் எடுக்கும் இரண்டாவது வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

படி ஆறு: பானெட்டைத் திறந்து பார்ப்பது

கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய வேலை என்றால் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது விதி. பில் சரியாக இருக்கிறது என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடக் கூடாது.

பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஊர்களில் இது சுலபம். பத்து வருட வண்டியின் அடிப்பகுதி முழுக்கச் செந்துரு. அதன் நடுவில் புது ஆக்சிஜன் சென்சார் திருகிய இடம் மட்டும் வெள்ளிக் காசு மாதிரி மின்னும். வயரின் மேலுறை கறுப்பாக, மண் ஒட்டாமல் இருக்கும். திருகைச் சுற்றி ஸ்பானர் பட்ட கீறல் இருக்கும். பில்லில் "புது சென்சார்" என்று எழுதியிருந்து, அங்கே சுற்றியிருக்கும் குழாயோடு குழாயாகத் துருப்பிடித்த சென்சார் உட்கார்ந்திருந்தால், கேள்வி கேட்க வேண்டும்.

கன்வெர்ட்டர் மாற்றியிருந்தால் அதன் உடம்பில் அச்சடித்த எண்ணையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் அந்த மாநில ஒப்புதல் எண் இல்லாத வெளிச்சந்தைக் கன்வெர்ட்டரை மாட்டக் கூடாது. நியூயார்க்கும் அதே தரத்தைக் கேட்கிறது. விலை குறைவு என்று இணையத்தில் வாங்கி மாட்டியது பல நேரம் இங்கே வந்து விழும்.

கணினியின் மென்பொருளைப் புதுப்பித்தது போன்ற வேலையைக் கண்ணால் பார்க்க முடியாது. அங்கே பில்லையும் டீலரின் வேலைத் தாளையும் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். வண்டிக்காரர்களுக்கு ஒரு யோசனை: கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். கன்வெர்ட்டர் மாதிரி திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றால் ஒரு போட்டோவாவது. பாதி வாக்குவாதம் மிச்சம்.

கழற்றியது, அறுத்தது, திருடு போனது

எமிஷன் பாகத்தைக் கழற்றியிருந்தாலோ செயலிழக்கச் செய்திருந்தாலோ வெய்வர் கிடையாது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவும் கணக்கில் சேராது. இதில் ஒரே ஒரு விலக்கு: அந்தப் பாகமோ அதைப் போன்ற மாற்றோ சந்தையில் எங்குமே கிடைக்கவில்லை என்று உறுதிசெய்ய முடிந்தால், மாநிலம் விட்டுக்கொடுக்கலாம்.

பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் விஷயம். இரண்டாம் தலைமுறை பிரியஸின் கன்வெர்ட்டரைத் திருடர்கள் தேடிப் பிடித்து அறுக்கிறார்கள். காலையில் வண்டியைக் கிளப்பினால் டிராக்டர் சத்தம். உடனே யாரோ ஒருவர், "இப்போதைக்கு நேர்குழாய் வைத்து வெல்டிங் அடித்துக்கலாம்" என்பார். செய்யாதீர்கள். யார் அறுத்திருந்தாலும், கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருந்தால் கண்பார்வைச் சோதனையிலேயே வண்டி விழுந்துவிடும். வெய்வர் பேச்சுக்கே வராது. போலீஸில் புகார் கொடுத்துவிட்டு இன்ஷூரன்ஸைப் பாருங்கள். காம்ப்ரிஹென்சிவ் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஈடு கிடைக்கும்.

படி ஏழு: மறுசோதனை

வரிசை முக்கியம். எல்லா ரிப்பேரும் முடிந்த பிறகு ஒரு மறுசோதனை, அதில் வண்டி தோற்க வேண்டும், அதன் பிறகுதான் வெய்வர். மறுசோதனையில் தோற்ற பின் இன்னும் இருநூறு டாலருக்கு வேலை பார்த்து வரம்பை எட்டினால், இன்னொரு முறை சோதிக்காமல் கொடுக்க முடியாது. அந்த இருநூறு டாலர் வேலையில் வண்டி சரியாகியிருக்கலாம் அல்லவா?

ரிப்பேர் முடிந்ததும் கோடை அழித்திருப்பார்கள். நேராகச் சோதனைக்கு வந்தால் "நாட் ரெடி". நாலைந்து நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு வருவது நல்லது: இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, ஊருக்குள் கொஞ்சம், ஹைவேயில் ஒரே வேகத்தில் கொஞ்சம். டாங்க் முழுசாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி அளவில் இருந்தால் பெட்ரோல் ஆவிக்கான மானிட்டர் ஓடும். முதலில் கன்வெர்ட்டர் கோடால் தோற்ற வண்டி என்றால், மறுசோதனையில் கன்வெர்ட்டர் மானிட்டர் முடிந்திருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் தனியாகப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் தயாராகி அது ஒன்று மட்டும் முடியாமல் இருந்தால், எண்ணிக்கைப்படி வண்டி தப்பிவிடும், ஆனால் எதற்காகத் தோற்றதோ அது சோதிக்கப்படவே இல்லை.

வேறு வண்டியின் சாக்கெட்டில் வயரைச் செருகித் தேறவைப்பதும் நடக்கிறது. 2005 மாடலுக்குப் பிறகான பெரும்பாலான வண்டிகளில் கணினியே வின் எண்ணைச் சொல்லிவிடும் என்பதால் பதிவேடுகளை ஒப்பிடும்போது மாட்டிக்கொள்கிறார்கள். நிலையத்தின் உரிமம் போவது மட்டும் இல்லை, வழக்கும் வரும்.

படி எட்டு: கொடுப்பது, மறுப்பது

கொடுப்பதாக முடிவானால்: ரிப்பேர் விவரங்களைக் கணினியில் ஏற்றுங்கள், எந்தப் பாகம், எவ்வளவு, யார் செய்தது, எந்தத் தேதி. அசல் ரசீதில் முத்திரை குத்தி நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதே பில் இன்னொரு வண்டிக்கு வராமல் இருக்க. எந்த வரிகளைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்று பில்லின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்து வைப்பது என் பழக்கம். ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மறுப்பதானால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எந்த வரி சேரவில்லை, ஏன், இன்னும் எவ்வளவு தேவை என்று எழுதிக் கொடுங்கள், மாநில முகமையில் யாரிடம் முறையிடலாம் என்றும். ரிப்பேரும் உங்கள் கடையிலேயே நடந்திருந்தால், முடிந்தவரை வேறொருவர் பில்லைப் பார்க்கட்டும்.

பணமே இல்லாதவருக்கு எக்ஸ்டென்ஷன் வழி இருக்கிறது. பொருளாதாரக் கஷ்டம் என்று காட்டினால் ஒரு சோதனைச் சுற்றுக்கு மேற்படாமல் அவகாசம் தரலாம். ஒருமுறை வாங்கிவிட்டால், வண்டி முழுதாகத் தேறிய பிறகுதான் அடுத்த அவகாசம் கேட்க முடியும். கலிஃபோர்னியாவில் வருமானம் குறைந்தவர்களுக்கு ரிப்பேருக்கே பண உதவி தரும் திட்டமும், பழைய வண்டியை ஒப்படைத்தால் பணம் தரும் திட்டமும் உண்டு. வெய்வர் கேட்டு வருபவரிடம் இவற்றை முதலில் சொல்ல வேண்டும்.

வெய்வரின் ஆயுள் ஒரு சுற்று மட்டும். ஆண்டுதோறும் சோதனை என்றால் ஓராண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இரண்டு. அடுத்த முறை எல்லாம் புதிதாக: புதுச் சோதனை, புது ரிப்பேர், புது பில். ஒரு மாநிலத்து வெய்வர் இன்னொரு மாநிலத்தில் செல்லும் என்றும் நினைக்க வேண்டாம். வேலை மாறி வேறு மாநிலத்திலிருந்து வண்டியோடு கலிஃபோர்னியா வந்து முதன்முறை பதிவு செய்பவருக்கு அங்கே செலவு வெய்வரே கிடையாது; வண்டி தேறித்தான் ஆக வேண்டும். செக் இன்ஜின் விளக்கோடு பழைய வண்டியை டிரக்கில் ஏற்றி அனுப்புமுன் அந்த ஏற்றுகூலியையும் அங்கே ஆகும் ரிப்பேர் செலவையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.